அப்பாவின் ரத்தப் பரிசோதனையும் இன்னொரு சர்க்கரையும்

சென்ற மாதம் அப்பாவின் ஹெச்பிஏ1சி 8.1 என்று வந்தது. வெறும் வயிற்றில் எடுத்த அளவு 118 மட்டுமே இருந்ததால், அவர் தாளை மேசைமேல் விரித்து வைத்து, இரண்டு எண்களையும் விரலால் மாறி மாறித் தொட்டு, இதில் எது பொய் சொல்கிறது என்று கேட்டார். பரிசோதனைக்கு முந்தைய ஒரு வாரம் அவர் எவ்வளவு பத்தியமாக இருந்தார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தைய பதினொரு வாரம் எப்படி இருந்தார் என்பதும் தெரியும். வெறும் வயிற்று அளவு அந்தக் காலை நேரத்தை மட்டும் சொல்லும் என்றும், மற்றது சிவப்பணுக்களுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் சர்க்கரை எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதால் கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கைச் சொல்லும் என்றும் விளக்கினேன். கேட்டுவிட்டுச் சற்று யோசித்தவர், "ஏம்மா, ஹீமோகுளோபின்ல ஒட்டுற சர்க்கரை உடம்புல இருக்கிற மத்த புரதத்துல ஒட்டாதா? அதையெல்லாம் யாரு அளக்கிறா?" என்றார்.

புரதங்களில் ஒட்டும் சர்க்கரையைத்தான் நான் பல ஆண்டுகளாக ஆய்வகத்தில் படித்து வருகிறேன் என்பது அவருக்கு நினைவில்லை. "லேப்ல வேலை" என்பதற்கு மேல் நானும் அவருக்கு எதையும் ஒழுங்காகச் சொன்னதில்லை. அன்று மேசையில் முழுதாகச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதிவைக்கிறேன்.

அப்பாவின் கேள்விக்குள் இரண்டு வேறு வேறு நிகழ்வுகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துவிட்டால் பாதி பதில் கிடைத்துவிடும். ஹீமோகுளோபினில் நடப்பது தானாக நடக்கும் வேதிவினை. குளுக்கோஸின் ஒரு முனை, ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் முதலாவதாக இருக்கும் வேலின் என்ற அமினோ அமிலத்தைப் பற்றிக்கொள்கிறது. அந்தப் பிணைப்பு மெல்ல உருமாறி, எளிதில் விடுபடாத நிலைக்கு வந்துவிடுகிறது. இதைச் செய்துவைக்க எந்த நொதியும் தேவையில்லை. எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு நாள் என்ற இரண்டு மட்டுமே கணக்கு. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால் அந்தக் கணக்கு ஹீமோகுளோபினில் பதிந்து கிடக்கிறது. 1960களின் இறுதியில் தெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர் என்ற ஆய்வாளர் நீரிழிவுக்காரர்களின் ரத்தத்தில் வழக்கத்துக்கு மாறான ஒரு ஹீமோகுளோபின் பட்டையைக் கண்டதிலிருந்து வளர்ந்து வந்ததுதான் இன்று எல்லாத் தெருமுனைப் பரிசோதனை நிலையங்களிலும் கிடைக்கும் இந்தச் சோதனை. செல் இதை விரும்பிச் செய்வதில்லை. புத்தக அலமாரியில் தூசி படிவதைப் போல இது நடந்துகொண்டே இருக்கிறது.

நான் படிக்கும் சர்க்கரை அப்படிப்பட்டதன்று. அதைப் புரதத்தின்மேல் வைப்பதற்கென்று ஒரு நொதியும் எடுப்பதற்கென்று ஒரு நொதியும் இருக்கின்றன. எந்தப் புரதத்தில், எந்த இடத்தில், எப்போது என்பதெல்லாம் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. படியும் தூசிக்கும் இட்ட பொட்டுக்கும் உள்ள வேறுபாடு என்று வைத்துக்கொள்ளலாம். பொட்டைப் போலவே இதுவும் சிறியது, ஒற்றையானது, வேண்டும்போது அழித்துவிட்டு மறுபடி இடக்கூடியது. அதன் முழுப் பெயர் என்-அசிட்டைல்குளுக்கோசமின், சுருக்கமாகக் குளுக்நாக். ஆக்சிஜன் அணுவின் வழியாகப் புரதத்தோடு இணையும்போது அதை ஓ-குளுக்நாக் என்று சொல்கிறோம்.

புரதங்களில் சர்க்கரை இருக்கும் என்பது புதிய செய்தி அன்று. செல்லின் வெளிப்பரப்பு முழுவதும் சர்க்கரைக் கிளைகள் மண்டிக் கிடக்கின்றன. ரத்தப் பிரிவு ஏ-க்கும் பி-க்கும் இடையிலுள்ள வேறுபாடே அத்தகைய கிளையின் நுனியில் உட்கார்ந்திருக்கும் ஒரேயொரு சர்க்கரையின் வேறுபாடுதான். ஓ பிரிவினருக்கு அந்த நுனிச் சர்க்கரையே கிடையாது. இந்தக் கிளைகள் செல்லுக்குள் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம், கோல்கி என்ற பைபோன்ற அறைகளில் கட்டப்பட்டு, வெளியே அனுப்பப்படும் புரதங்களோடு போகின்றன. ஆகவே, சர்க்கரை ஏறிய புரதம் என்றால் அது செல்லின் பரப்பில் இருக்கும், அல்லது செல்லைவிட்டு வெளியேறும், அல்லது அந்தப் பாதையிலுள்ள பைகளுக்குள் இருக்கும். சைட்டோபிளாசத்திலும் உட்கருவிலும் வேலை செய்யும் புரதங்களில் சர்க்கரை இருக்காது என்பதுதான் பாடநூல்களின் நிலைப்பாடாக இருந்தது. நான் கல்லூரியில் படித்த காலத்தில்கூட, அந்த நிலைப்பாடு தவறென்று தெரிந்து இருபது ஆண்டு ஆகியிருந்தும், அதைத்தான் மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கினோம்.

அது தவறென்று காட்டியது 1984ஆம் ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த ஒரு கட்டுரை. எழுதியவர்கள் கார்மென்-ரோசா டோரஸ், ஜெரால்ட் ஹார்ட் என்ற இருவர். அவர்கள் தேடியதோ வேறு. எலியின் லிம்ஃபோசைட் என்ற வெள்ளையணுக்களின் வெளிப்பரப்பில், கிளை நுனியில் குளுக்நாக் இருக்கும் இடங்களைக் கணக்கெடுப்பதுதான் நோக்கம். அதற்கு அவர்கள் கையில் எடுத்த கருவி எனக்கு மிகவும் பிடித்தது: பசும்பாலிலிருந்து பிரித்தெடுத்த ஒரு நொதி. பால் சுரக்கும் மடியில் லாக்டோஸ் தயாரிப்பதில் பங்கேற்கும் இந்த நொதிக்கு, நுனியில் குளுக்நாக் எங்கே கண்டாலும் அதன்மேல் கேலக்டோஸ் என்ற இன்னொரு சர்க்கரையை ஏற்றிவிடும் குணம் உண்டு. ஏற்றப்படும் கேலக்டோஸில் கதிரியக்க ட்ரிட்டியத்தைச் சேர்த்துவிட்டால், குளுக்நாக் இருக்கும் இடமெல்லாம் கதிரியக்கக் குறி விழுந்துவிடும். செய்து பார்த்தபோது, குறி விழுந்த சர்க்கரையில் பெரும்பகுதி கிளைகளில் இல்லை. செரின், திரியோனின் ஆகிய அமினோ அமிலங்களின்மீது நேரடியாக ஒற்றைச் சர்க்கரையாக உட்கார்ந்திருந்தது. செல்லைச் சோப்புக் கரைசலால் உடைத்துப் பார்த்தபோது குறி பலமடங்கு கூடியது. அதாவது, இந்தச் சர்க்கரை பெரும்பாலும் செல்லின் உள்ளே இருந்தது.

இரண்டாண்டு கழித்து, எலியின் ஈரல் செல்களைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தபோது அது உட்கருவிலும் சைட்டோபிளாசத்திலும் மிகுந்திருப்பது தெரிந்தது. 1987இல், உட்கருவின் சுவரிலுள்ள வாயில்களை ஆக்கும் புரதங்கள் இந்தச் சர்க்கரையால் நிறைந்திருப்பதை ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வகங்கள் காட்டின. 1989இல் பழ ஈயின் குரோமோசோம்களின் மேலேயே அது கண்டறியப்பட்டது. ஐந்தே ஆண்டுகளில், இருக்கவே முடியாது என்று சொல்லப்பட்ட சர்க்கரை மரபணுக்களின் அருகிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

ஒற்றைச் சர்க்கரை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு அது உட்காரும் இடமே விடை. செரின், திரியோனின் ஆகியவை பாஸ்பேட் ஏறும் இடங்கள். செல்லுக்குள் ஒரு புரதத்தைத் தட்டி எழுப்பவோ அடக்கி வைக்கவோ வேண்டுமென்றால் அதன்மேல் பாஸ்பேட்டை ஏற்றுவதும் இறக்குவதும்தான் மிகப் பரவலான முறை. அதற்காக மனித உடலில் 500க்கும் மேற்பட்ட கைனேஸ் நொதிகளும், பாஸ்பேட்டை நீக்க நூற்றுக்கும் மேற்பட்ட நொதிகளும் இருக்கின்றன. பாஸ்பேட் ஏறக்கூடிய இடத்திலேயே, அல்லது அதற்கு அடுத்தாற்போல், ஓ-குளுக்நாக் போய் உட்கார்ந்தால் பாஸ்பேட்டுக்கு இடமில்லாமல் போகிறது. பாஸ்பேட் எதிர் மின்னூட்டத்தைச் சுமந்து வருவது. சர்க்கரைக்கு மின்னூட்டமே கிடையாது, ஆனால் உருவம் பெரியது. ஒரே இருக்கையில் முற்றிலும் வேறான இருவர் மாறி மாறி அமர்வதால், புரதத்தின் நடத்தையும் மாறுகிறது. ஒரு புரதத்தின் வாழ்நாளுக்குள்ளேயே இந்தச் சர்க்கரை பலமுறை ஏறி இறங்குகிறது என்பதும் தெரிந்த செய்தி.

கைனேஸ்கள் 500க்கு மேல் என்றேன். இந்தச் சர்க்கரையை உட்கருவிலும் சைட்டோபிளாசத்திலும் ஏற்றும் நொதி ஒன்றே ஒன்று: ஓஜிடி. இறக்குவதும் ஒன்றே ஒன்று: ஓஜிஏ. இதுவரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதப் புரதங்களில் இந்தச் சர்க்கரை பதிவாகியிருக்கிறது. அத்தனைக்கும் இந்த இருவர்தான். ஓஜிடியின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதை நீக்கிவிட்டால் எலியின் கருநிலைக் குருத்தணுக்கள் பிழைப்பதில்லை என்று 2000ஆம் ஆண்டில் காட்டினார்கள். மனிதர்களில் இந்த மரபணுவில் ஏற்படும் சில சிறிய மாற்றங்கள் பிறவியிலேயே அறிவுத்திறன் வளர்ச்சியைப் பாதிப்பதும் பின்னர் தெரியவந்தது. செல்லுக்கு இது அலங்காரம் அன்று.

ஒரே நொதி ஆயிரக்கணக்கான இடங்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பதுதான் இந்தத் துறையில் எல்லோரையும் தூங்கவிடாத கேள்வி. கைனேஸ்கள் பலவற்றுக்கு, இந்த அமினோ அமிலத்துக்குப் பக்கத்தில் இன்னது இருந்தால் ஏற்றுவேன் என்ற தெளிவான விருப்பம் உண்டு. ஓஜிடியிடம் அத்தகைய கண்டிப்பான விதி எதையும் காணோம். பக்கத்தில் புரோலினும் வேலினும் இருந்தால் சற்று விரும்புகிறது, அவ்வளவுதான். அதன் உடலில் வினை நடக்கும் பகுதிக்கு முன்னால், சுருள்படிக்கட்டுப் போல வளைந்து செல்லும் நீண்ட பகுதி ஒன்று இருக்கிறது. இலக்குப் புரதங்கள் அந்தச் சுருளின் உட்புறத்தில் வந்து படிகின்றன என்பதும், வேறு துணைப் புரதங்கள் அதன்மேல் ஒட்டிக்கொண்டு நொதியைக் குறிப்பிட்ட இலக்குகளிடம் அழைத்துச் செல்கின்றன என்பதும் இப்போதைக்கு ஏற்கப்பட்ட விளக்கம். நான் இதை முக்கால் விளக்கம் என்றே சொல்வேன். பல கட்டுரைகளில் "ஓஜிடி அழைத்துவரப்படுகிறது" என்ற ஒரு வாக்கியத்தோடு விஷயம் முடிந்துவிடும். யார் அழைத்தார், எதற்காக அழைத்தார் என்பது வராது.

இந்த நொதியின் வினோதம் ஒன்றைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. ஹெச்சிஎஃப்-1 என்ற புரதம் முதிர்ச்சி அடைவதற்கு நடுவில் வெட்டப்பட வேண்டும். வெட்டும் கத்தி எது என்று பல காலம் தேடியதில், 2011இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் வின்ஷிப் ஹெரின் குழு கண்டுபிடித்தது: ஓஜிடிதான். சர்க்கரை ஏற்றும் அதே குழியில், அதே சர்க்கரை மூலப்பொருளைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அது புரதச் சங்கிலியையே வெட்டுகிறது. வெட்டும் இடத்தில் இருக்கும் குளுடாமிக் அமிலம் ஒன்றை எடுத்துவிட்டுச் செரினை வைத்தால், வெட்டு நின்று, அங்கே சர்க்கரை ஏறிவிடுகிறது. ஊசியும் கத்தரியும் ஒரே கருவியாக அமைந்த தையல்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இப்போது உணவுக்கு வருகிறேன். அப்பாவின் கேள்வி உண்மையில் அதைப் பற்றியதுதான். ஓஜிடி ஏற்றுவது நாம் சாப்பிடும் குளுக்கோஸை நேரடியாக அன்று. செல்லுக்குள் வரும் குளுக்கோஸில் பெரும்பகுதி ஆற்றலுக்காகவோ சேமிப்புக்காகவோ போய்விடுகிறது. ஒரு சிறு பங்கு மட்டும், கொழுப்புச் செல்களில் 1991இல் போட்ட கணக்கின்படி 2 முதல் 3 சதவீதம், தனியாக ஒரு கிளைப்பாதையில் திரும்புகிறது. அந்தப் பாதையில் முதலில் குளுட்டமின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைட்ரஜன் வந்து சேர்கிறது. பிறகு அசிட்டைல் தொகுதி வருகிறது. கொழுப்பு எரியும்போதும் அது கிடைக்கும். கடைசியில் நியூக்ளியோடைடுகளின் இருப்பிலிருந்து யுடிபி வந்து சேர, யுடிபி-குளுக்நாக் என்ற மூலப்பொருள் தயாராகிறது. மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, ஆற்றல் இருப்பு என்று வீட்டுச் சரக்கறையின் எல்லா டப்பாவிலிருந்தும் ஒவ்வொரு கரண்டி எடுத்துச் செய்த பொருள் இது. எந்த டப்பா காலியானாலும் இதன் அளவு குறையும். ஓஜிடியோ, இந்த மூலப்பொருளின் அளவு ஏறினாலும் இறங்கினாலும் அதற்கேற்பத் தன் வேலையை மாற்றிக்கொள்ளக்கூடியது. ஆகவே செல்லுக்குள் எவ்வளவு உணவு இருக்கிறது என்ற செய்தி, ஆயிரக்கணக்கான புரதங்களின்மேல் சர்க்கரையாக எழுதப்படுகிறது.

இந்த விளக்கம் அழகானது. அழகானதாலேயே சற்று ஆபத்தானது. "உணவு உணரி" என்ற சொல் தலைப்பில் வந்துவிட்டால் கட்டுரை பாதி வெளியாகிவிட்டது என்று எங்கள் துறையில் கேலியாகச் சொல்வதுண்டு. உண்மையில், குளுக்கோஸ் ஏறினால் எல்லாப் புரதங்களிலும் இந்தச் சர்க்கரை ஒன்றுபோல ஏறுவதில்லை. சிலவற்றில் ஏறும், சிலவற்றில் இறங்கும், பலவற்றில் ஒன்றும் நடக்காது. சில செல்களில் குளுக்கோஸைக் குறைத்தால்கூட இது கூடுகிறது. வெப்பம், நச்சு போன்ற எந்த நெருக்கடி வந்தாலும் இது விரைவாகக் கூடுவதும், கூடவிடாமல் தடுத்தால் செல்கள் எளிதில் மடிவதும் 2004இலேயே காட்டப்பட்டுவிட்டன. வெறும் சரக்கறைக் கணக்கு என்றால் இவை பொருந்தாது.

இந்தச் சர்க்கரை இவ்வளவு காலம் கண்ணில் படாமல் இருந்ததற்கு என்ன காரணம் என்பதை நான் பாடநூலில் படிக்கவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். முனைவர் பட்ட ஆய்வின் முதல் ஆண்டில், கோதுமை முளையிலிருந்து எடுக்கும் லெக்டின் (சர்க்கரையைப் பற்றும் புரதம்) ஒன்றைக்கொண்டு வெஸ்டர்ன் பிளாட் செய்யச் சொன்னார்கள்; புரதங்களை ஜெல்லில் பிரித்து, ஒரு சவ்வுக்கு மாற்றி, தேடுவதைப் பட்டைகளாகப் பார்க்கும் முறை அது. அந்த லெக்டின் குளுக்நாக்கைப் பற்றிக்கொள்ளும். புரதங்கள் ஏறிய சவ்வில் வெற்றிடங்களை மூடுவதற்கு வழக்கம்போல 5 சதவீதப் பால் பவுடர் கரைசலில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டேன். படம் எடுத்தபோது சவ்வு முழுவதும் கரிப்பாத்திரத்தின் அடிப்பக்கம் போல இருந்தது. மறுநாள் கழுவும் நேரத்தைக் கூட்டினேன், அதே கரி. மூன்றாம் நாள் லெக்டினைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தேன். கரி சற்று வெளுத்தது, பட்டைகளும் சேர்ந்து வெளுத்தன. ஆய்வகத்தில் எனக்கு மூத்தவரான அக்கா ஒருவர் அந்தப் பக்கமாகப் போனவர், மேசைமேல் இருந்த டப்பாவைப் பார்த்துவிட்டு, "பால் பவுடரா போட்ட? அதுல இருக்கிற கிளைக்கோபுரோட்டீனை எல்லாம் லெக்டின் பிடிச்சுக்குமேடி" என்றார். பாலிலுள்ள புரதங்கள் பலவற்றில் சர்க்கரைக் கிளைகள் இருக்கின்றன. சவ்வு முழுவதும் நானே சர்க்கரையைப் பூசி வைத்துவிட்டு அதன்மேல் சர்க்கரையைத் தேடிக்கொண்டிருந்தேன். இந்தச் சர்க்கரையைக் கண்டுபிடித்துக் கொடுத்த நொதி பாலிலிருந்து வந்தது என்பதையும், என் மூன்று நாளைக் குடித்ததும் பால்தான் என்பதையும் அன்றிரவு ஆய்வேட்டில் எழுதி வைத்தேன்.

பாலை விட்டு ஆல்புமினுக்கு மாறிய பிறகு பட்டைகள் தெரிந்தன, ஆனால் மிக மங்கலாக. அது இரண்டாவது பாடம். செல்லை உடைக்கும் கணத்தில் உள்ளே இருக்கும் ஓஜிஏவும் வெளியே வந்து, நாம் அளக்க நினைக்கும் சர்க்கரையை எடுக்கத் தொடங்கிவிடுகிறது. அதை நிறுத்தும் தடுப்பானை உடைக்கும் கரைசலிலேயே கலந்துவைக்க வேண்டும். மூன்றாவது பாடம், பட்டை தெரிந்தாலும் நம்பக் கூடாது என்பது. அந்த லெக்டின் வேறு சில சர்க்கரைகளையும் பற்றும் என்பதால், அதே கரைசலில் தனி குளுக்நாக்கை ஏராளமாகக் கலந்து இன்னொரு சவ்வையும் செய்து பார்க்க வேண்டும். அதில் மறையும் பட்டையே கணக்கில் சேரும். உட்கரு வாயில் புரதங்களை வைத்து 1987இல் உருவாக்கிய, இந்தச் சர்க்கரையை அடையாளம் காணும் ஆர்எல்2 என்ற ஆன்டிபாடி கைக்கு வந்த பிறகே நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இவையெல்லாம் புரதத்தில் சர்க்கரை இருக்கிறதா என்று அறிய. எந்த இடத்தில் இருக்கிறது என்று அறிவது இன்னும் கடினம். பாஸ்பேட் ஏறினால் மின்னூட்டம் மாறுவதால் பழைய முறைகளிலேயே தடயம் கிடைத்துவிடும். இந்தச் சர்க்கரைக்கு மின்னூட்டம் இல்லாததால் புரதம் ஜெல்லில் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கும். மூலக்கூறுகளின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் 203 டால்டன் எடை கூடியிருப்பது தெரியவேண்டும். ஆனால் வழக்கமான முறையில் துண்டாக்கும்போது புரதம் உடைவதற்கு முன்பே சர்க்கரை கழன்று விழுந்துவிடும், இருந்த இடம் தெரியாது. எலக்ட்ரானை ஏற்றித் துண்டாக்கும் மென்மையான முறை வந்த பிறகுதான் இடங்களின் பட்டியல் வேகமாக நீண்டது. ஆனால் கருவிக்குள் அனுப்புவதற்கு முன் சர்க்கரை ஏறிய துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுக்கவேண்டும். அங்கே மறுபடியும் பால் நொதியே வந்து உதவியது. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் இராமகிருஷ்ணன், காஸ்பா ஆகிய இருவரும் அந்த நொதியின் வடிவத்தை ஆராய்ந்து, 289ஆம் இடத்திலுள்ள டைரோசினை எடுத்துவிட்டுச் சிறிய லியூசினை வைத்தால் குழி அகலமாகி, கேலக்டோஸுக்குப் பதில் சற்றுப் பெரிய சர்க்கரையையும் அது ஏற்கும் என்று 2002இல் காட்டினார்கள். அந்தப் பெரிய சர்க்கரையில் ஒரு கொக்கியைப் பொருத்தி ஓ-குளுக்நாக்கின்மேல் ஏற்றிவிட்டால், கொக்கியைப் பிடித்துப் புரதத்தை இழுத்துவிடலாம். இத்தகைய கொக்கிகளை மாட்டும் வேதியியலுக்குத்தான் 2022இல் பெர்டோசி, மெல்டல், ஷார்ப்லெஸ் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இடம் தெரிந்தும் அது என்ன செய்கிறது என்று நிறுவுவதில் உள்ள சிக்கலுக்கு நல்ல உதாரணம் மிக் என்ற புரதம். செல் பெருக்கத்தைத் தூண்டும் இதன் 58ஆம் இடத்துத் திரியோனினில் சர்க்கரையும் ஏறும், பாஸ்பேட்டும் ஏறும். பர்க்கிட் லிம்ஃபோமா என்ற புற்றுநோயில் அடிக்கடி மாறிப்போகும் இடமும் அதுவே. அந்த இடத்தில் வேறு அமினோ அமிலம் வந்துவிட்டால் இரண்டும் போய்விடுகின்றன. கேடு பாஸ்பேட் போனதாலா, சர்க்கரை போனதாலா என்று எப்படிப் பிரிப்பது? பாஸ்பேட் ஏறியதுபோல் நடிக்கவைக்க, அந்த இடத்தில் எதிர் மின்னூட்டமுள்ள ஓர் அமினோ அமிலத்தை வைத்துப் பார்க்கலாம். சர்க்கரை ஏறியதுபோல் நடிக்க இருபது அமினோ அமிலங்களில் ஒன்றுகூட இல்லை. ஐயாயிரம் புரதங்களின் பட்டியலைக் காட்டுபவர்களிடம், இவற்றில் எத்தனைக்கு வேலை என்னவென்று தெரியும் என்று கேட்டால் எண்ணிக்கை மளமளவென்று சுருங்கிவிடும்.

நன்றாக நிறுவப்பட்டவற்றில் எனக்கு மிகவும் தெளிவாகத் தோன்றுவது இதயத்தில் நடப்பது. அப்பாவிடம் சொல்லத் தயங்கியதும் அதுதான். இதயத் தசையில் கேம்-கைனேஸ் இரண்டு என்ற நொதி இருக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் கால்சியம் ஏறும்போது அது விழிக்கவேண்டும், கால்சியம் இறங்கியதும் அடங்கவேண்டும். அதன் உடலிலேயே ஒரு தாழ்ப்பாள் அமைந்திருக்கிறது. அந்தத் தாழ்ப்பாளில் 279ஆம் இடத்தில் ஒரு செரின். ரத்தச் சர்க்கரை மிகும்போது அந்தச் செரினில் ஓ-குளுக்நாக் ஏறுகிறது என்றும், ஏறிவிட்டால் கால்சியம் போன பிறகும் தாழ்ப்பாள் விழாமல் நொதி விழித்தபடியே இருக்கிறது என்றும் 2013இல் டொனால்ட் பெர்ஸின் குழு ஹார்ட்டுடன் சேர்ந்து காட்டியது. விழித்தே இருக்கும் நொதி, தசைக்குள் கால்சியத்தைச் சேமிக்கும் அறைகளின் கதவுகளை ஒழுகவைக்கிறது. ஒழுகும் கால்சியத்தால் துடிப்பின் தாளம் தப்புகிறது. சர்க்கரையை ஏற்றவிடாமல் தடுத்தால் இந்தக் கோளாறு குறைந்தது. நீரிழிவு இருந்த மனிதர்களின் இதயத் திசுவிலும் மூளைத் திசுவிலும் இந்த நொதியின்மேல் சர்க்கரை கூடுதலாக இருந்ததையும் அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

சர்க்கரை கூடினால் கேடு என்று இதைவைத்து முடிவு கட்டினால், மூளை அதை மறுக்கிறது. அல்சைமர் நோயில் முடிச்சு முடிச்சாகத் திரளும் டாவ் என்ற புரதத்தில் பாஸ்பேட் மிகையாக ஏறியிருக்கும். எலிகளைப் பட்டினி போட்டபோது அவற்றின் மூளையில் டாவின்மேல் ஓ-குளுக்நாக் குறைந்து, பாஸ்பேட் கூடியதை 2004இல் கண்டார்கள். அப்படியானால் ஓஜிஏவைத் தடுத்துச் சர்க்கரையை டாவின்மேலேயே நிறுத்திவைத்தால் என்ன? கனடாவில் டேவிட் வோகாட்லோவின் குழு 2008இல் தயாமெட்-ஜி என்ற தடுப்பானை உருவாக்கி, பின்னர் அது நோயுற்ற எலிகளில் நரம்பணு இழப்பைக் குறைப்பதையும் காட்டியது. அதே வழியில் மருந்து நிறுவனங்கள் மனிதர்களுக்கான மாத்திரைகளை உருவாக்கின. அவற்றில் ஒன்றான செபெரோக்னாஸ்டாட், ஆரம்பநிலை அல்சைமர் நோயாளிகளிடம் நடந்த இரண்டாம் கட்டச் சோதனையில் முதன்மை இலக்கை எட்டவில்லை என்று 2024இல் அறிவிக்கப்பட்டது. எனக்கு அதில் ஏமாற்றம் இருந்தது, வியப்பு இல்லை. டாவுக்காக ஓஜிஏவைத் தடுக்கும்போது மற்ற ஆயிரக்கணக்கான புரதங்களிலும் சர்க்கரை இறங்காமல் நின்றுவிடுகிறது. ஒரு வீட்டு விளக்கை அணைக்காமல் வைக்கத் தெரு முழுவதற்குமான ஃபியூஸில் கைவைத்த கதை அது.

இடையில் அம்மா ஒரு கேள்வி கேட்டார். முழங்கால் வலிக்கு அவர் போட்டுக்கொள்ளும் குளுக்கோசமின் மாத்திரையில் நான் சொல்லும் பெயரே இருக்கிறதே, அதைப் போடலாமா என்று. நியாயமான கேள்வி. குளுக்கோசமின் அந்தக் கிளைப்பாதையின் நுழைவாயிலைத் தாண்டிப் பக்கவாட்டில் உள்ளே போகக்கூடியது. செல்களை வளர்க்கும் தட்டில் அதைக் கொட்டி ஓ-குளுக்நாக்கைக் கூட்டுவது நாங்கள் வழக்கமாகச் செய்வதுதான். ஆனால் நாங்கள் தட்டில் கொட்டும் அளவும், 1500 மில்லிகிராம் விழுங்கினால் ரத்தத்தில் சேரும் அளவும் ஒப்பிடவே முடியாதவை. மூட்டு வலிக்கு அது எவ்வளவு கேட்கும் என்பது தனி விவாதம். அதை மருத்துவரிடம் விட்டுவிட்டேன்.

அப்பாவுக்கோ மாத்திரையில் ஆர்வமில்லை. இந்த இரண்டாவது சர்க்கரையை அளக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டார். அப்படி ஒரு சோதனை எங்கும் விற்கவில்லை என்றேன். ஆனால் அவரிடமிருந்து எடுத்த அந்தக் குழாய் ரத்தத்திலேயே அது இருந்தது. சிவப்பணுக்களிலும் ஓ-குளுக்நாக் ஏறிய புரதங்கள் உண்டு; ஹார்ட்டின் ஆய்வகம் 2010இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தவர்களின் சிவப்பணுக்களிலேயே ஓஜிஏ நொதி மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது, புதிதாகப் புரதம் செய்யவும் முடியாது. ஆகவே அந்த நொதியின் அளவு, எலும்பு மஜ்ஜையில் அந்த அணு உருவான நாட்களில் அங்கே நிலவிய சர்க்கரையைச் சொல்கிறது என்பது என் ஊகம். ஹெச்பிஏ1சி அணு வெளியே வந்து சுற்றிய நாட்களைச் சொல்கிறது. இது அது பிறந்த வீட்டைச் சொல்லும்.

"அப்ப அது நான் பத்தியமா இருந்த வாரத்தைக் காட்டாதா?" என்றார் அப்பா. காட்டாது என்றேன். தாளை மடித்து மாத்திரை டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு, அடுத்த பரிசோதனை எந்தத் தேதியில் வரும் என்று காலண்டரில் எண்ணத் தொடங்கினார்.